குடிநோய்க்குச் சிகிச்சை: எங்கே தொடங்குவது, என்ன எடுத்துச் செல்வது, எவ்வளவு செலவாகும்

என் அண்ணனின் குடிநோய்க்குச் சிகிச்சை தேடி அலைந்த காலத்தில், எங்கே தொடங்குவது என்று சொல்ல ஒருவரும் இல்லாததால், தொடங்கக் கூடாத இடத்தில் தொடங்கினோம். தெரிந்தவர் ஒருவர் கொடுத்த கைபேசி எண்ணை நம்பி, புறவழிச்சாலை ஓரத்தில் இருந்த ஒரு தனியார் மையத்தில் 25,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். அவர்களே இரவில் வேனோடு வந்து, தூங்கிக்கொண்டிருந்த அண்ணனைத் தூக்கிச் சென்றார்கள். பதினெட்டு நாள் கழித்துப் பார்க்க அனுமதித்தபோது அவருக்கு மொட்டை அடித்திருந்தார்கள். மணிக்கட்டில் கயிறு அழுத்திய தழும்பு இருந்தது. மருத்துவர் யார் என்று கேட்டதற்கு, "தினமும் தியானம் இருக்கிறது" என்று பதில் வந்தது. அன்றே அழைத்து வந்துவிட்டோம். வந்த மூன்றாம் நாள் அவர் மறுபடி குடித்தார்.

பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில்தான் அவருக்கு முறையான சிகிச்சை கிடைத்தது. அங்கே எங்களுக்கு ஆன செலவு பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் மட்டுமே. தமிழ்நாட்டில் மது அடிமைத்தனத்துக்கும் அதோடு சேர்ந்து வரும் மனநலக் குறைபாடுகளுக்கும் சிகிச்சை தேடும் குடும்பத்தாருக்காக, நாங்கள் தாமதமாகத் தெரிந்துகொண்டவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் 14416 என்ற எண்ணை அழையுங்கள்

இது டெலி மானஸ் என்னும் தேசியத் தொலைபேசி மனநலச் சேவை. 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற தேசிய உதவி எண்ணும், தமிழக அரசின் பொது மருத்துவ உதவிக்கு 104 என்ற எண்ணும் உள்ளன. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. மனைவியோ மகளோ தங்கையோ பேசலாம்.

அழைப்பதற்கு முன் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்தில் மனநலப் புறநோயாளர் பிரிவு எந்த மருத்துவமனையில் இயங்குகிறது? எந்தெந்தக் கிழமைகளில்? போதை மீட்புக்குத் தனிப் படுக்கைகள் இருக்கின்றனவா? மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எங்கள் வட்ட மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார்? இவற்றில் கடைசிக் கேள்வி மிகவும் பயனுள்ளது. அத்திட்டத்தின் குழுவினர் வட்ட மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குறிப்பிட்ட நாள்களில் வந்து நோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்பது, அதே ஊரில் ஆண்டுக்கணக்காகக் குடியிருப்பவர்களுக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. சில அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் தொடங்கப்பட்டுள்ளன. உங்களுக்கு அருகில் அப்படி ஒன்று இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

2. "இன்றோடு நிறுத்து" என்று வீட்டில் அடைத்து வைக்காதீர்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது தயவுசெய்து முழுவதும் படியுங்கள். நாள்தோறும் அதிக அளவில் குடித்து வந்த ஒருவர் திடீரென நிறுத்தினால் அவர் உயிருக்கே ஆபத்து நேரலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையிலான காலத்தில் சிலருக்கு அறிவு குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும்.

எங்கள் வீட்டில் இது நடந்தது. மருத்துவமனைக்குப் போவதற்கு முன், பெரியப்பாவின் யோசனைப்படி அண்ணனை அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டினோம். முதல் நாள் காலை காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தும் பாதிக்கு மேல் லுங்கியில் கொட்டியது. இரண்டாம் நாள் இரவு, வெள்ளைச் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் ஒன்றுமே இல்லை. அண்ணி அதைப் பேய் பிடித்ததாக நினைத்து விபூதி பூசினார். அதிகாலையில் வலிப்பு வந்தது. 108 ஆம்புலன்ஸ் வந்து அவசரப் பிரிவில் சேர்த்தபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார்?" என்பது. எங்கள் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

ஆகவே அந்த நேரத்தையும், நாள்தோறும் குடிக்கும் அளவையும் குறித்து வைத்திருங்கள். முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இந்த முறையும் வருவதற்கான வாய்ப்பு அதிகம் என்பதற்கு அதுதான் அடையாளம். வலிப்பு, மனக்குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, ஓயாத வாந்தி ஆகிய எது தென்பட்டாலும் மறுநாள் காலைவரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

இதே இடத்தில் மூன்று பொறிகள் இருக்கின்றன. முதலாவது, சோர்ந்து கிடப்பவரைத் தெருமுனைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று "ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள்" என்று நாமே கேட்பது. நெடுநாள் குடித்தவர்களின் உடலில் தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு தீவிரமாகக்கூடும். எனவே எந்த மருத்துவரிடம் சென்றாலும் குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். இரண்டாவது, பேருந்து நிலையச் சுவரொட்டிகளில் விளம்பரம் செய்யப்படும், "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்ற வகைப் பொடிகள். அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. குடியை விடுவதற்காக மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையையே, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழியாமல் கொடுக்கக் கூடாது. அதைச் சாப்பிடுபவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், நோயாளி அறிந்து சம்மதிக்காமல் அதைக் கொடுப்பதில்லை. மூன்றாவது, மாலை போடுவது. ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் குடியைத் தொடாமல் இருப்பவர்கள் நம் ஊர்களில் பலர். அந்த விரதத்தின் வலிமையை நான் மதிக்கிறேன். ஆனால் தினமும் குடிப்பவர் மாலை போடுவதற்குச் சில நாள் முன்னதாகவே மருத்துவரைப் பார்த்து, நிறுத்தும் முதல் வாரத்துக்கான மாத்திரைகளைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

3. போகும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

அரசு மருத்துவமனைகளில் புறநோயாளர் பதிவு காலை வேளையில்தான் நடக்கும். நண்பகலை ஒட்டி முடிந்துவிடும். டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத் திறக்கிறது. இந்த இரண்டு நேரங்களையும் சேர்த்துப் பார்த்தால், காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவது எவ்வளவு முக்கியம் என்பது புரியும். பத்து மணிக்குப் போய் வரிசையில் நின்றால் பதினொன்றரைக்கு அவர் பொறுமை இழந்து எழுந்து போய்விடுவார்.

பேச்சைத் தொடங்குவதற்கும் காலையே நல்ல வேளை. போதையில் இருப்பவரிடம் சிகிச்சையைப் பற்றிப் பேசிச் சம்மதம் வாங்கினால், மறுநாள் அது அவர் நினைவில் இருக்காது. "குடியை விட வா" என்று அழைப்பதைவிட, அவரே குறைப்பட்டுக்கொள்ளும் ஒன்றைச் சொல்லி அழைப்பது எளிது: தூக்கம் வராதது, கால் எரிச்சல், பசியின்மை. என் அண்ணன் தூக்கத்துக்கு மாத்திரை வாங்கத்தான் வந்தார். அது பொய்க் காரணமும் இல்லை, உண்மையாகவே அவர் தூங்கி மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

அன்று காலை கை நடுக்கம் கடுமையாக இருந்தால், நடுக்கத்தோடே பேருந்தில் ஏற்றாமல் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அது 24 மணி நேரமும் இயங்கும்.

4. கையில் இருக்க வேண்டியவை

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, இரண்டிலும் தலா மூன்று நகல்கள். பழைய மருந்துச் சீட்டுகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், கல்லீரல் ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் அறிக்கை. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். குறிப்பாகத் தூக்க மாத்திரை, வலி மாத்திரை, சர்க்கரை மாத்திரை. இவற்றின் பெயரை நினைவிலிருந்து சொல்ல முயலாமல் அட்டையையே காட்டிவிடுங்கள். வேலையில் இருப்பவராக இருந்தால் பணி அடையாள அட்டையின் நகல் விடுப்புச் சான்றிதழுக்கு உதவும். ஆதார் இல்லை என்பதற்காக அவசரச் சிகிச்சைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அதைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

அன்றே சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு என்பதால் ஒரு பையில் இரண்டு மாற்றுடை, போர்வை, தட்டு, டம்ளர், சோப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கூடத் தங்குவதற்கு ஓர் ஆள் கேட்பார்கள். ஆண்கள் வார்டில் இரவில் பெண்கள் தங்குவதைப் பல மருத்துவமனைகளில் அனுமதிப்பதில்லை என்பதை நாங்கள் அங்கே போன பிறகுதான் அறிந்தோம். மாலை ஆறு மணிக்கு ஓர் ஆண் துணையைத் தேடி உறவினர் ஒவ்வொருவரையாக அழைக்க வேண்டியதாயிற்று. மச்சானோ சித்தப்பாவோ நண்பரோ, ஒருவரிடம் முன்பே பேசி வையுங்கள். அவர் குடிக்காதவராக இருக்கட்டும்.

5. மருத்துவர் முன்னால்

ஓபி சீட்டு வாங்கி மனநலப் பிரிவுக்குப் போனால், முதலில் ஆலோசகரோ சமூகப் பணியாளரோ விவரம் கேட்பார். எத்தனை ஆண்டுகளாக, எவ்வளவு, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, வேலை போனதா, வீட்டில் அடிதடி உண்டா என்று கேட்பார்கள். கணவரின் முன் சொல்லத் தயங்கும் செய்திகள் இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், அனுமதிப்பார்கள். வீட்டில் வன்முறை நடக்கிறது என்றால் அவருக்கான சிகிச்சைக்குக் காத்திராமல் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை நாடலாம்.

குடியோடு மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும்படி நீங்களே கேளுங்கள். "நான் இருந்து என்ன ஆகப்போகிறது" என்பது போன்ற பேச்சு வீட்டில் எழுந்திருந்தால், வெட்கப்படாமல் அப்படியே சொல்லுங்கள். அப்படிப்பட்ட வீட்டில் பூச்சிமருந்து இருக்கக் கூடாது. நாங்கள் வயலுக்கு வாங்கி மாட்டுக்கொட்டகையில் வைத்திருந்த புட்டிகளை அன்று மாலையே பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னோம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சி, அத்தகைய ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள்.

6. உள்நோயாளியாகச் சேர்ப்பது

2017-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மது, போதைப்பொருள் ஆகியவற்றால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதனால் இந்த நோயாளிக்கும் எல்லா உரிமைகளும் உண்டு. சேர்க்கையில் இரண்டு வகைகள் இருப்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

நோயாளி தானே சம்மதித்துக் கையெழுத்திட்டுச் சேர்வது ஒரு வகை. இது 86-ஆம் பிரிவு. இப்படிச் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போகக் கேட்கலாம். நிலைமை மோசமாக இருந்தால் மட்டும், பரிசோதித்து முடிவெடுப்பதற்காக 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். மூன்றாம் நாள் அவர் "போகிறேன்" என்று நிற்பார் என்பதை எதிர்பார்த்து, அன்று அவர் மதிக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அண்ணனின் பள்ளி நண்பர் ஒருவர் வந்து இரவு முழுவதும் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வகை 89-ஆம் பிரிவின் கீழ், முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவரை அவருடைய நியமனப் பிரதிநிதியின், அதாவது தன் சார்பில் பேச அவர் எழுதி வைத்தவரின், விண்ணப்பத்தின் பேரில் சேர்ப்பது. இதற்கு ஒரு மனநல மருத்துவரும், மற்றொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாக, சேர்க்கும் அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாள்களுக்குள்ளோ பரிசோதித்திருக்க வேண்டும். தன்னையோ பிறரையோ துன்புறுத்தும் நிலையிலோ, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள இயலாத நிலையிலோ இருந்தால்தான் இதற்கு இடம் உண்டு. அதிகபட்சம் 30 நாள். அதற்கு மேல் போனால் மனநலச் சீராய்வு வாரியத்தின் ஒப்புதல் தேவை. குடும்பத்தார் பணம் கட்டிவிட்டார்கள் என்பது ஒருவரைப் பூட்டி வைப்பதற்குச் சட்டப்படியான காரணம் ஆகாது. இந்த ஒரு செய்தி முன்பே தெரிந்திருந்தால் அந்த வேனை நான் வீட்டு வாசலுக்கு வர விட்டிருக்க மாட்டேன்.

நியமனப் பிரதிநிதியை எழுதி வைக்க முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதி நோயாளி கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் இதை எழுதி வாங்கி வையுங்கள்.

போதை நீக்கும் முதற்கட்டச் சிகிச்சைக்குப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதன் பிறகான மறுவாழ்வுப் பயிற்சி ஒரு மாதமோ அதற்கு மேலோ நீளலாம். விடுப்புக் கணக்கை இதை வைத்துப் போடுங்கள். சான்றிதழ் வேலை இடத்துக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சம் எங்களுக்கும் இருந்தது. நோயாளியின் விவரங்களை மருத்துவமனை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், விடுப்புக்கான சான்றிதழில் எந்த அளவுக்கு விவரம் வேண்டும் என்பதை மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம்.

7. தனியார் மையத்துக்குப் போக நேர்ந்தால்

எல்லாத் தனியார் மையங்களும் தவறானவை அல்ல. சென்னையில் 1980 முதல் இயங்கும் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை போன்ற அனுபவம் மிக்க நிறுவனங்களும், மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் நிதியுதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் இருக்கின்றன. இந்த இரண்டாம் வகை மையங்கள் உங்கள் மாவட்டத்தில் எங்கே என்பதை 14446-இல் கேட்கலாம்.

வேறு எங்கே போனாலும், பணத்தை எடுப்பதற்கு முன் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழை நேரில் காட்டச் சொல்லுங்கள். பதிவில்லாமல் நடத்துவது அபராதத்துக்குரிய குற்றம். மனநல மருத்துவரின் பெயர் என்ன, எந்தெந்த நாள்களில் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். படுக்கை அறையைப் பாருங்கள். "முதல் மாதம் பார்க்கவும் பேசவும் கூடாது" என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, சீருடை உடுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது என்று சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. சங்கிலியால் கட்டுவது அறவே தடை செய்யப்பட்டுள்ளது. வீட்டுக்கு வந்து தூக்கிச் செல்கிறோம் என்று அவர்களாகவே சொன்னால், அது ஒன்றே வேண்டாம் என்று முடிவெடுக்கப் போதுமானது.

ஏற்கெனவே இப்படிப்பட்ட இடத்தில் சிக்கியிருந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழையுங்கள். இலவசச் சட்ட உதவி பெறுவது இந்த நோயாளிகளுக்கு உரிமையாகவே தரப்பட்டிருக்கிறது.

8. செலவும் காப்பீடும்

அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு, மருத்துவர், மாத்திரைகள் எல்லாம் இலவசம். மருந்தகத்தில் ஒரு மாத்திரை இல்லை என்றால், அதே பயனுள்ள வேறொன்று இருப்பில் உள்ளதா என்று மருத்துவரிடமே திரும்பிப் போய்க் கேளுங்கள். நாங்கள் முதல் முறை கேட்காமல் வெளிக்கடையில் வாங்கினோம். உண்மையான செலவு கூடத் தங்குபவரின் கூலி இழப்பும் சாப்பாடும்தான். இரண்டு வாரத்துக்கு அதை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

தனியார் மருத்துவக் காப்பீடு இருப்பவர்கள் கவனமாக இருங்கள். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், மது, போதை அடிமைத்தனத்துக்கும் அவற்றின் விளைவுகளுக்குமான சிகிச்சையை விலக்கும் விதி பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கலாம் என்று நம்பிப் பெரிய மருத்துவமனையில் சேர்க்க வேண்டாம். விலக்குகள் பட்டியலை முதலில் படித்துவிடுங்கள்.

9. வீடு திரும்பிய பிறகு

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்காமல் வார்டை விட்டு வராதீர்கள். மூன்று நகல் எடுத்து வையுங்கள். அடுத்த முறை அவசரமாக எங்கே போனாலும் அந்தத் தாள்தான் பேசும். மாத்திரைகளை வாங்கும்போது எது காலை, எது இரவு என்று எழுதி வாங்குங்கள். அண்ணிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதை அறிந்த செவிலியர் ஒருவர், நோட்டில் ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தார். அந்த நோட்டு இன்றும் சாமி அலமாரியில் இருக்கிறது.

குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உள்ளன. எது பொருந்தும் என்பது கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பொறுத்தது. ஆகவே இரத்தப் பரிசோதனைத் தேதியைத் தவற விடக் கூடாது. ஒவ்வொரு மாதமும் மாவட்டத் தலைநகர் வரை போக வேண்டியதில்லை. தொடர் மருந்துகளை வட்ட மருத்துவமனைக்கு மாவட்ட மனநலக் குழு வரும் நாளில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்து தருமாறு கேளுங்கள். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன, கட்டணம் இல்லை. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டமும் உண்டு. அண்ணியை நான் அங்கே முதன்முறை அழைத்துச் சென்றபோது, அவர் ஒன்றரை மணி நேரம் ஒரு வார்த்தையும் பேசாமல் அழுதுவிட்டு, அடுத்த வாரம் தானே கிளம்பி வந்தார்.

மறுபடி குடித்தால், பட்ட பாடெல்லாம் வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த நோயில் அது பலருக்கும் நேர்வது. அதே வாரத்தில் அதே மருத்துவரிடம் போங்கள். நாள் தள்ளிப்போகப் போகக் குடிக்கும் அளவு கூடி, திரும்பவும் வலிப்பு அபாயம் வந்து சேரும். டைசல்ஃபிராம் சாப்பிட்டு வந்தவர் என்றால், மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் விளைவு உடலில் இருக்கக்கூடும் என்பதால், குடித்தது தெரிந்த உடனேயே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

என் அண்ணன் இரண்டு முறை அப்படி வழுக்கினார். இரண்டு முறையும் அதே ஓபி சீட்டு வரிசையில் போய் நின்றோம். அவருடைய அட்டையில் அடுத்த தேதி வரும் செவ்வாய்க்கிழமை. ஆறரைப் பேருந்தைப் பிடித்தால் எட்டு மணிக்குள் வரிசையில் நின்றுவிடலாம்.